கொக்கு என்ன ஆச்சு?

"தலையைத் தூக்காதேன்னு சொன்னேன்."

"தூக்கலைங்க. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினேன். அவ்வளவுதான்."

"திருப்பறதும் தூக்கறதும் ஒண்ணுதான்."

காலை பத்து மணிக்குள் இது ஏழாவது தடவை. தையல்காரம்மா மேஜை முன்னால் உட்கார்ந்து, பலகை ஒன்றின் ஓட்டையில் முகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். முந்தாநாள் அவளுடைய வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்து அனுப்பியிருந்தார் டாக்டர். அந்தக் குமிழ் கிழிசலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமானால், ஏழு நாளைக்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் எழுந்து நடக்கலாம். அப்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது.

"முப்பது வருஷமா மெஷின்ல குனிஞ்சுதானே டாக்டர் தைக்கறேன். எனக்கென்ன?" என்று ஆஸ்பத்திரியில் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவள், முதல் ராத்திரியிலேயே மூன்று தடவை நிமிரப் பார்த்தாள்.

அவளுக்கு அந்தப் பலகைத் தாங்கியைச் செய்து கொடுத்தவர் அவளுடைய கணவர். முப்பத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். முகம் வைக்கும் ஓட்டையைச் சுற்றிப் பழைய சோபாவின் பஞ்சை வைத்துத் தைத்திருந்தார். உயரம் கூட்டவும் குறைக்கவும் நாலு பக்கமும் போல்ட் இருந்தது. லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அவளோ அதற்கு 'எலிப்பொறி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஸ்கூல் யூனிஃபார்ம் இருபத்தாறு பாக்கி இருக்கு. காலரெல்லாம் வெட்டினபடியே கிடக்கு" என்று பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கை சும்மா இருக்கே, நான் என்ன செய்ய? பைத்தியம் பிடிக்குது. ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"அதானே. கல்யாணமானதிலிருந்து அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கீங்க."

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய், ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கிடக்கும் தம் வேலைப் பைக்குள் கையை விட்டார். சென்ற வாரம் பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கி அதற்குள் ஒளித்து வைத்தது இன்னும் அங்கேதான் இருந்தது. 'குடத்தில் ஓர் ஆறு'. எழுபது வருஷமாகக் குழந்தைகள் படித்துவரும் மாயக் கதை. அட்டையில் இடுப்பில் குடத்தோடு ஒரு சிறுமி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொக்கு. முன்பு வைத்திருந்த எந்தக் குழந்தையோ கொக்கின் மூக்குக்குப் பச்சைப் பென்சில் தீட்டியிருந்தது.

"எத்தனை வயசுக் குழந்தைக்கு?" என்று கடைக்காரர் கேட்டபோது, யோசிக்காமல் "இருபத்தேழு" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

மூத்த மகளுக்கு வயது இருபத்தேழு. அவள் இந்த வீட்டுப் படியேறி மூன்று வருஷமாகிறது. அவர் பார்த்துக் கொடுத்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தீயணைப்பு நிலையத்தில் அவசர அழைப்புகளை எடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று அவள் நின்றாள். அவர் கத்தினார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் திரும்பி நின்று சொன்ன வார்த்தை இன்றுவரை அவர் காதில் நிற்கிறது: "பதினோரு வயசுல என் புத்தகத்தை எடைக்குப் போட்டீங்க. இன்னிக்கு என்னைப் போடுறீங்க."

எந்தப் புத்தகம் என்பதுகூட அப்போது அவருக்கு நினைவில்லை. மனைவிக்கு நினைவிருந்தது. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வைத்திருந்த அதே பழைய பதிப்பைத் தேட ஆரம்பித்தவருக்கு, கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. முந்தாநாள் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, என்னதான் இருக்கிறது என்று பிரித்தார். சாயங்காலம் நர்ஸ் இரண்டு தடவை தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஒரு கதை வாசிக்கட்டுமா?" என்றார் இப்போது.

பலகைக்கு அடியில் தலை மறுபடியும் திரும்பப் பார்த்தது.

"நீங்களா?"

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"இல்லைங்க, வாசிங்க. நான் அசையவே மாட்டேன்."

முதல் இரண்டு பக்கத்தை, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை வாசிப்பதுபோல வாசித்தார். ஓர் ஊர். அந்த ஊரின் ஆறு ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. அதைத் தேடிக் கூட்டிவர மணி அடிப்பவரின் மகள் ஒருத்தி குடத்தோடு கிளம்புகிறாள். வழிகாட்ட ஒரு கொக்கு வருகிறது. உலகத்தில் தனக்குத் தெரியாத பாதையே இல்லை என்று சொல்லும் கொக்கு. முதல் திருப்பத்திலேயே அவளைச் சேற்றில் கொண்டுபோய் இறக்குகிறது. 'நான் உனக்குச் சேற்றைக் காட்டத்தான் கூட்டி வந்தேன்' என்கிறது.

பலகை குலுங்கியது.

"சிரிக்காதே. குமிழ் நகர்ந்துடும்."

"இந்தக் கொக்கு அப்படியே உங்களை மாதிரிங்க."

"எதுல?"

"வழி தெரியாதுன்னு ஒரு தடவையாவது ஒத்துக்கிட்டிருக்கீங்களா?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலிருந்து கொக்குக்கு ஒரு தனிக் குரல் கொடுத்தார். மூக்கால் பேசும் குரல். அவர் கம்பெனி ஸ்டோர் சூப்பர்வைசருடைய குரலேதான் அது. மனைவி ஒரு மணி நேரம் கையைக்கூட அசைக்காமல் கேட்டாள்.

வாசற்கதவு திறந்துதான் இருந்தது. நாலாவது அத்தியாயத்தின் நடுவில், மூக்கால் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நீலச் சீருடையில் பெரியவள் நின்றிருந்தாள். கையில் பழப் பை.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"அம்மா" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "அப்பா வேலைக்குப் போயிருப்பார்னு சொன்னே?"

"நான் எங்கே சொன்னேன்? நீதான் போன்ல கேட்டே. நான் 'ம்'னு சொன்னேன்."

"அம்மா!"

"எனக்குக் கண்ணு தெரியலை, காதும் கொஞ்சம் மந்தமா இருக்கு. உள்ளே வா."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். ஏன் என்று தெரியாமலேயே புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன அது?" என்றாள் மகள்.

"புத்தகம்."

"அது தெரியுது. எந்தப் புத்தகம்?"

தெரிந்துதான் கேட்டாள். கொக்கின் குரலை வாசலிலிருந்தே கேட்டிருந்தாள். அவர் முன்னால் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்தாள்.

"எதுக்கு வாங்கினீங்க?"

"இதுல அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கலாம்னு."

"இருந்துச்சா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. இரண்டு நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவர். கேட்டதே போதும் என்று ஆரம்பித்துவிட்டார்.

"இருந்துச்சாவா? இந்தம்மா எழுதியிருக்காங்களே, இவங்களுக்கு எடைன்னா என்னன்னு தெரியுது. ஆத்தைக் குடத்துக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வர்றா அந்தப் பொண்ணு. பக்கத்துல யாராவது பொய் சொன்னா குடம் கனக்கும், உண்மை சொன்னா லேசாகும். மூணாவது அத்தியாயத்துல இதைச் சொல்லிட்டாங்க. சரி, குழந்தைங்க கதை, நடுவுல எங்கேயாவது மறந்துடுவாங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே வர்றேன். மறக்கவே இல்லை! எந்த இடத்துல யார் பொய் சொல்றாங்களோ, அடுத்த வரியில அவ குடத்தை இடுப்பு மாத்துவா. அதைச் சொல்லக்கூட மாட்டாங்க, 'இடுப்பு மாற்றினாள்'னு மட்டும் இருக்கும். நாமதான் புரிஞ்சுக்கணும். லிஃப்ட் கம்பிக் கயிறுல ஒரு இழை அறுந்திருந்தாகூட நான் கண்டுபிடிச்சிடுவேன். இதுல ஒரு இழை அறுந்து நான் பார்க்கலை."

மூச்சு வாங்கியது அவருக்கு. கம்பிக் கயிற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி மகள் கேட்டதில்லை.

"இடுப்பு மாத்துவா, ஆமா" என்றாள் மெதுவாக. "எனக்கு அது மறந்தே போச்சு."

பழப் பையை மேஜைமேல் வைத்தாள். குனிந்து அம்மாவின் பின்கழுத்தைத் தடவினாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"முடிச்சிட்டீங்களா?"

"முந்தாநாளே முடிச்சிட்டேன்."

"கொக்கு என்ன ஆச்சு?"

அவருக்குப் புரியவில்லை. "எந்த இடத்துல?"

"உப்புச் சேத்துல. பதினேழாவது அத்தியாயம். சிறகு ஒடிஞ்சு சேத்துல மாட்டிக்கும். 'நீ முன்னால போ, நான் பின்னாலேயே வந்துடறேன்'னு சொல்லும். அவ ஓரடி எடுத்து வைப்பா. குடம் கனக்கும். அதோட அத்தியாயம் முடியும்." அவள் நிறுத்தினாள். "கொக்கு பொய் சொல்லுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிடும். அந்த இடத்துல காகிதத்தை மடிச்சு அடையாளம் வச்சுட்டு ஸ்கூலுக்குப் போனேன். மறுநாள் கணக்குப் பரீட்சை. சாயங்காலம் வந்து பார்த்தா அலமாரி காலி."



அந்த நாள் இப்போது அவருக்கு நினைவு வந்தது. பழைய பேப்பர் வாங்குபவர் சைக்கிளை நிறுத்தியது, தாம் அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளியது, 'இனிமேலாவது படிப்பாள்' என்று நினைத்துக்கொண்டது. உள்ளே மடித்த காகிதம் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

"இந்தப் பதினாறு வருஷத்துல நீயே ஒண்ணு வாங்கியிருக்கலாமேம்மா" என்றார்.

"வாங்கியிருக்கலாம். ரெண்டு தடவை கடை வரைக்கும் போனேன்." அவள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "வாங்கிப் படிச்சிட்டா, உங்க மேல இருக்கற கோபம் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

லிஃப்ட்காரர் புத்தகத்தின் முதுகை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"கோபம் வேணும்னா வச்சுக்கோ" என்றார் கடைசியில். "நான் போட்டது தப்பு. பரீட்சைக்காகத்தான்னு அன்னிக்குச் சொன்னேன். அது பாதிதான் நிஜம். நீ அதைப் படிக்கறப்ப நான் கூப்பிட்டா உனக்குக் காது கேட்காது. எனக்கு அது பிடிக்கலை."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. கொக்கு செத்துடுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அப்பா!"

"சொன்னா அது வெறும் சேதி. ஒரு வரியில முடிஞ்சு போயிடும். அந்தம்மா அதுக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்காங்க. உட்காரு, வாசிக்கறேன்."

"எனக்கு ஆறு மணிக்கு டியூட்டி. அம்மா நாலாவது அத்தியாயத்துல இருக்கா."

"என்னைப் பத்திக் கவலைப்படாதே" என்றது பலகைக்கு அடியிலிருந்து குரல். "எனக்கு ஏழு நாள் கெடு இருக்கு. முன்னே பின்னே எப்படி வேணும்னாலும் கேட்டுக்கறேன். அவளுக்கு வாசிங்க."

பதினெட்டாவது அத்தியாயத்தை எடுத்தார். மூக்குக் குரல் இப்போது தேவைப்படவில்லை. கொக்கு அதில் பேசுவதே இல்லை. சிறுமி பத்து அடி நடக்கிறாள். குடம் கல்லாய்க் கனக்கிறது. கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். 'ஊரே உனக்காகக் காத்திருக்கிறது' என்று அவளே ஆற்றிடம் சொல்லியிருந்த பொய்யும் அந்தக் கனத்தில் சேர்ந்திருக்கிறது. இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறாள்: யாரும் காத்திருக்கவில்லை. உன் தடத்தில் வீடு கட்டிவிட்டார்கள். என் அப்பாவும் ஒரு வீடு கட்டிவிட்டார்.

'பிறகு எதற்கு என்னைத் தேடி வந்தாய்?' என்கிறது ஆறு.

'எனக்கு நீ வேண்டும்' என்கிறாள்.

குடம் சருகாய் லேசாகிறது. அப்போதுதான், யாரும் கேட்காமலேயே, ஆறு குடத்தை விட்டு வெளியே வருகிறது. முன்னால் போகவில்லை. திரும்பி, உப்புச் சேற்றைப் பார்த்து ஓடுகிறது.

"தலையைத் தூக்காதே!"

"தலையைத் தூக்காதேம்மா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தையல்காரம்மா பாதி நிமிர்ந்துவிட்டிருந்தாள்.

"ஆறு அங்கே போகுதுன்னா எப்படி சும்மா இருக்கறது?" என்று முனகிக்கொண்டே முகத்தைப் பஞ்சில் புதைத்துக்கொண்டாள். "சரி, வாசிங்க, வாசிங்க."

தண்ணீர் சேற்றைக் கரைக்கிறது. ஒடிந்த சிறகோடு கொக்கு மிதந்து மேலே வருகிறது. மூக்கிலிருந்து உப்பைச் சிந்திவிட்டுச் சிறுமியைப் பார்க்கிறது. லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்குக் குரலைத் திரும்பக் கொண்டுவந்தார்:

"'நீ இந்த வழியாகத்தான் திரும்பி வருவாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.'"

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் வந்தது. அவர் பார்க்காததுபோலப் பக்கத்தைப் புரட்டினார்.

"எங்க வேலையில எல்லாமே பாதிக் கதைதான்ப்பா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, சீருடைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் லைன்ல பேசிக்கிட்டே இருப்பேன். வண்டி வந்துடுச்சுன்னதும் கட் பண்ணிடுவாங்க. அந்தக் குழந்தை பிழைச்சுதா, அந்தத் தாத்தா வெளியே வந்தாரா, ஒண்ணும் தெரியாது. அடுத்த போனை எடுக்கணும். இன்னிக்குத்தான் ஒண்ணோட மீதியைக் கேட்கறேன்."

அவர், "ரொம்ப கஷ்டமான வேலை" என்றார். மூன்று வருஷத்தில் அந்த வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பகல் சாப்பாடு முடிந்தது. அம்மாவுக்கு ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி கொடுத்தாள் மகள். மணிக்குப் பத்து நிமிடம் கையைப் பிடித்துக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடத்தினாள். மீதி நேரமெல்லாம் வாசிப்பு. ஆறு, சிறுமிக்குப் பின்னால் நாய்க்குட்டிபோல ஊர் திரும்புகிறது. மலை இறங்குகிறது. இருபத்தோராவது அத்தியாயத்தில், ஆறு வரும் சத்தத்தை ஊரில் முதலில் கேட்பவர் சிறுமியின் அப்பா. வற்றிய தடத்தில் அவர் கட்டிய வீட்டின் வாசலில் நிற்கிறார். ஓடலாம். அணை போடலாம். ஊரைக் கூட்டலாம். அந்தப் பக்கத்தில் அவர் எதுவும் பேசுவதில்லை. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து...

லிஃப்ட்காரர் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இந்தப் பக்கத்தை மனசுக்குள் படித்தபோது சமாளித்துவிட்டார். வாய்விட்டு வாசிக்க வரவில்லை. இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் 'கடப்பாரை' என்ற சொல்லிலேயே குரல் நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"கண்ணாடி மங்குது."

மகள் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து வாசித்தாள். அவசர அழைப்பில் பேசுகிற, பதற்றமே இல்லாத, சீரான குரல். கதையில் அந்த அப்பா தாம் கட்டிய சுவரைத் தாமே இடிக்கிறார். கல் கல்லாக எடுத்து ஓரமாக அடுக்குகிறார். ஆறு வந்து சேரும்போது வழி திறந்திருக்கிறது. 'அவர் கதவை மட்டும் இடிக்கவில்லை. அதைக் கழற்றிச் சுவரில்லாத இடத்தில் நிறுத்தி வைத்தார். மகள் வந்தால் தட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே.'

அந்த வரியை அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

"சின்ன வயசுல படிச்சிருந்தா இந்த இடம் எனக்குப் புரிஞ்சிருக்காது" என்றாள் பிறகு. "கொக்கைத்தான் பார்த்திருப்பேன்."

"நான் முதல் தடவை அந்த அப்பாவைத்தான் பார்த்தேன், கொக்கை இன்னிக்குத்தான்" என்றார் அவர்.

மணி ஐந்தேகால். ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. ஆறு இரண்டு கரைக்கு நடுவே அடங்கி இருக்குமா என்பது அதில்தான் தெரியும். மகள் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. உங்களைத்தான் சொல்றேன்ப்பா."

"நான் ஏற்கெனவே படிச்சுட்டேனே!"

"மறந்துடுங்க."

படியில் அவள் காலடிச் சத்தம் இறங்கியது. லிஃப்ட்காரர் அதைக் கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்று மாடிக்கு ஐம்பத்து நாலு படி. முகத்தில் வந்த சிரிப்பை யாரும் பார்க்கவில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி.

"ம்."

"அவ போயிட்டாளா?"

"இப்பத்தான் கடைசிப் படி இறங்கினா. ஏன்?"

"ரெண்டு மணியிலிருந்து தரையில எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுங்க. கறுப்பு கறுப்பா. எறும்புன்னுதான் நினைச்சேன்." அவள் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "கண்ணு போற பக்கமெல்லாம் கூடவே ஊருது. நல்ல கண்ணுல. வலது கண்ணுலயும் முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சது."

அவர் பலகை அருகே குனிந்தார். "ரெண்டு மணியிலிருந்தா? இவ்வளவு நேரம் ஏன் வாய் திறக்கலை?"

"சொன்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவீங்க." அவள் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவ வாசிச்சிக்கிட்டிருந்தாளே. உங்க பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சிக்கிட்டிருந்தா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினார். கீழே, தெரு முனையில் பஸ் வந்து நின்றிருந்தது. நீலச் சீருடை ஒன்று வரிசையில் கடைசியாக நின்றது. ஒரு கால் படிமேல்.

மூன்று வருஷமாக உள்ளேயே வைத்திருந்த குரல் முழுவதையும் கூட்டிக் கத்தினார்:

"கண்ணு! நில்லும்மா!"

தெருவில் போனவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பஸ் கிளம்பியது.